விழிக்குள் ஊறும் நீர்: அதை அளந்த கணக்கின் வரலாறு

எண்ணையும் எழுத்தையும் கண்ணோடு ஒப்பிட்டுப் போற்றுவது தமிழ் மரபு. உலகத்தை அறிவதற்கு எண் கண்ணாக நின்றமைக்குச் சான்றுகள் பல உண்டு. ஆனால் கண்ணையே அறிவதற்கு எண் கண்ணாக நின்ற வரலாறு பலரும் அறியாத ஒன்று. மனிதரின் விழிக்குள்ளே இரவும் பகலும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஊறும் அளவே வடிந்துகொண்டும் இருக்கிறது. அது ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஊறுகிறது என்பதை உயிருள்ள மனிதரின் கண்ணில் நேரே முகந்து அளந்தவர் எவரும் இலர். எனினும், அந்த அளவு இன்று கண் மருத்துவர் அனைவரும் அறிந்ததாக இருக்கிறது. கருவியும் கணக்கும் கைகோத்ததனால் கிடைத்த அறிவு அது. அதனைப் பெறுவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் அந்நீர் ஓடவே இல்லை என்று வாதிட்ட அறிஞரும் இருந்தனர்.

கண்ணீர் வேறு, முன்கண் நீர் வேறு

துன்பத்திலும் மகிழ்ச்சியிலும் இமைகளின் வழியே பெருகும் கண்ணீர் வேறு; இங்கே கூறப்படும் நீர் வேறு. கண்ணீர் விழியின் மேற்பரப்பை நனைப்பது. இந்நீரோ விழிக்கு உள்ளே, முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் தெளிந்த படலத்திற்கும் அதன் பின்னுள்ள வில்லைக்கும் இடையே நிரம்பி நிற்பது. மருத்துவ நூலார் இதனை அக்குவஸ் ஹியூமர் என்பர். தமிழில் முன்கண் நீர் எனலாம். கார்னியாவின் நடுப்பகுதியிலும் வில்லையிலும் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடையின்றி உள்ளே செல்ல இயலாது. ஆகவே, அவற்றுக்கு உணவு கொண்டு சேர்ப்பதும், அவற்றின் கழிவை அகற்றுவதும் இந்நீரின் தொழில்களாயின. விழி தன் உருண்டை வடிவம் குலையாமல் நிற்பதும் இந்நீர் தரும் அழுத்தத்தினாலேயே.

இதன் அளவு மிகச் சிறிது. முன்னறையில் நிற்பது ஏறத்தாழ 0.25 மில்லி லிட்டர். அஃதாவது சில துளிகளே. ஐரிஸ் என்னும் வண்ணப் படலத்தின் பின்னே வளையமாக அமைந்த சிலியரி உறுப்பில் இது ஊறுகிறது. கண்மணித் துளை வழியே முன்னறைக்கு வருகிறது. ஐரிசும் கார்னியாவும் கூடும் மூலையில், சல்லடை போன்ற ஒரு வலையின் ஊடே வடிகிறது. அங்கிருந்து ஷ்லெம் கால்வாய் என்னும் நுண்குழாயில் சேர்ந்து, சிரைகளின் வழியே இரத்தத்தில் கலந்து விடுகிறது.

இதனை ஓர் ஏரிக்கு ஒப்பிடலாம். ஏரிக்கு வரத்து உண்டு; மதகு உண்டு. வரத்தும் வடிகாலும் ஒத்திருக்கும்வரை நீர்மட்டம் நிலையாக நிற்கும். மட்டம் உயர்ந்தால் உழவர் கேட்கும் கேள்விகள் இரண்டு: வரத்து மிகுந்ததா? மதகு அடைத்ததா? விழியில் அழுத்தம் உயர்ந்தபோது மருத்துவர் கேட்ட கேள்விகளும் இவையே. அழுத்தம் உயர்ந்து நீடித்தால், விழியின் பின்புறத்தில் மூளையை நோக்கிச் செல்லும் பார்வை நரம்பு நலிகிறது. பக்கப் பார்வை முதலில் மங்கும். பின்னர் முழுப் பார்வையும் போகலாம். போன பார்வை மீள்வதில்லை. இதுவே கிளாக்கோமா எனப்படும் கண் நீரழுத்த நோய். அழுத்தம் இயல்பாக இருந்தும் இந்நோய் வருவோர் உண்டு என்பது இன்று தெரிந்த செய்தி. ஆயினும், மருத்துவத்தால் மாற்றத்தக்கது என்று உறுதிப்பட்டிருப்பது அழுத்தம் ஒன்றே. ஆகவே, வரத்தா மதகா என்னும் வினா வெறும் ஏட்டு வினா அன்று. வரத்து மிகுதிதான் நோய் என்றால் வரத்தைக் குறைக்க வேண்டும். மதகு அடைப்புதான் நோய் என்றால் மதகைத் திறக்க வேண்டும்.

பழைய கொள்கைகள்

பெர்லின் நகரத்து உடற்கூற்றறிஞர் பிரீட்ரிக் ஷ்லெம், 1830ஆம் ஆண்டில், தூக்கில் இறந்த ஒருவரின் கண்ணை ஆராய்ந்தபோது, கார்னியாவின் விளிம்பை ஒட்டி இரத்தம் தேங்கிய ஒரு நுண்குழாய் வளையமாகச் செல்வதைக் கண்டார். அதன் தொழில் இன்னதென்று அப்போது தெளிவாகவில்லை. பின்னர், 1857ஆம் ஆண்டில், அல்பிரெக்ட் ஃபான் கிரேஃப என்னும் பெருமருத்துவர், ஐரிசின் ஒரு துண்டை வெட்டி எடுப்பதனால் கண் நீரழுத்த நோய் தணிவதை வெளியிட்டார். அதுவரை தீர்வே இல்லையென்று கைவிடப்பட்ட ஒரு நோய்க்கு அவ்வாறு முதல் மருந்து கிடைத்தது. ஏன் தணிகிறது என்பதற்கு மட்டும் விடை இல்லை. ஹாலந்து நாட்டு அறிஞர் டோண்டர்ஸ், நரம்பின் எரிச்சலால் நீர் அளவுக்கு மீறிச் சுரப்பதே நோய்க்குக் காரணம் என்றார். 1870களில் மாக்ஸ் க்னீஸ், அடால்ஃப் வெபர் என்னும் இருவரும், நோயுற்ற கண்களில் ஐரிஸ் முன்னோக்கிச் சாய்ந்து, வடிகால் மூலை மூடிக் கிடப்பதைக் காட்டி, அடைப்பே காரணம் என்றனர். ஒரு சாரார் வரத்தைப் பழித்தனர். மறு சாரார் மதகைப் பழித்தனர். இரு சாராரிடமும் எண் இல்லை.

எண்ணைத் தேடிப் புறப்பட்டவர்களுள் முதல்வராக வைத்துப் போற்றத் தக்கவர் தியோடோர் லேபர். இவர் 1840 முதல் 1917 வரை வாழ்ந்தவர். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து, 1873ஆம் ஆண்டில், கண்ணில் நீர் மாறிக்கொண்டே இருப்பதைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். எடுக்கப்பட்ட விழிக்குள் தெரிந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, எவ்வளவு நீர் வடிகிறது என்று அளப்பது அவருடைய வழி. சிலியரி உறுப்பில் நீர் ஊறி, முன்னறை மூலையில் ஷ்லெம் கால்வாய் வழியே வடிகிறது என்பது அவர் கண்ட முடிவு. இன்று பள்ளி நூல்களிலும் இடம்பெறும் இம்முடிவு, அன்று எளிதில் ஏற்கப்படவில்லை.

1882ஆம் ஆண்டில் பால் எர்லிக் ஒரு புதிய வழியைத் திறந்தார். அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் ஆக்கிய ஃபுளோரசின் என்னும் சாயத்தை அவர் முயலின் உடலில் செலுத்தினார். சற்று நேரத்தில் முயலின் முன்னறையில் பச்சை ஒளியுடன் ஒரு கோடு தோன்றியது. இரத்தத்தில் உள்ள பொருள் இந்நீரை வந்து சேர்கிறது என்பதைக் கண்ணாலேயே காட்டிய ஆய்வு இது. எழுபதாண்டு கழித்து அதே சாயம் அளவுகோலாகப் போவதை எர்லிக் அறிந்திருக்க இயலாது.

ஓடும் நீரா, தேங்கிய நீரா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங், ஹெண்டர்சன் என்னும் இருவரும் இப்பொருளைக் கையில் எடுத்தனர். நுண்குழாய்களில் உள்ள இரத்த அழுத்தத்திற்கும் விழியின் உள்ளழுத்தத்திற்கும் உள்ள வேறுபாடே நீரை வடிகட்டி உள்ளே தள்ளுகிறது என்று அவர்கள் 1906இல் எழுதினர். வேறுபாடு கூடினால் உற்பத்தி கூடும், குறைந்தால் குறையும். முன்கண் நீரின் உற்பத்தியை இரண்டு அளவுகளின் கழித்தலாக எண்ணிப் பார்த்த இக்கருத்து, பின்வந்த கணிதத்திற்கு வித்து எனலாம்.

ஆனால் காற்று வேறு திசையில் வீசியது. பெர்லினில் கார்ல் ஹாம்பர்கர், முன்கண் நீர் தொடர்ந்து ஓடுவதே இல்லை. அது தேங்கிய நீர். பொருள்கள் மட்டும் மெல்ல மாறிக்கொள்கின்றன என்று வாதிட்டார். ஹைடல்பெர்கில் எரிக் சைடல், இண்டிகோ கார்மைன் என்னும் நீலச் சாயத்தை முன்னறையில் விட்டு, அது விழியின் வெளிப்புறச் சிரைகளில் தோன்றுவதை 1920களில் காட்டினார். நீர் ஓடுகிறது என்பதற்கு அது சான்று. எனினும் ஐயம் தீரவில்லை. இலண்டனில் டியூக்-எல்டர் 1927இல் வெளியிட்ட ஆராய்ச்சி, முன்கண் நீர் இரத்தத்தோடு சமநிலையில் நிற்கும் ஊடுவடி நீரே எனக் கூறியது. கண்ணின் உயிரணுக்கள் முயன்று சுரப்பதாகக் கொள்ளத் தேவையில்லை என்பது அதன் உட்கருத்து. டியூக்-எல்டரின் செல்வாக்குப் பெரிது. ஆகவே, லேபர் சொன்ன ஓட்டம் பல நூல்களில் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது.

இந்த நிலையை மாற்றியவர்களுள் ஒருவர், பிராக் நகரைவிட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கார்ல் அஷெர். சின்சினாட்டி நகரில், விழியின் வெள்ளைப் பரப்பைக் கண் நுண்ணோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரத்தம் இல்லாமல் தெளிந்த நீர் மட்டும் ஓடும் சிறு குழாய்களை அவர் கண்டார். அவை சிவந்த சிரையோடு சேரும் இடத்தில், செந்நீரும் தெளிநீரும் கலவாமல் பட்டையாகச் சற்றுத் தொலைவு ஓடின. 1942இல் அவர் இதனை வெளியிட்டார். சிரைக்குள் நாள்தோறும் வடிந்துகொண்டிருந்த முன்கண் நீர் மருத்துவரின் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது. நீர் ஓடுகிறது என்பது இனி மறுக்கவொண்ணாதது. எஞ்சியது எவ்வளவு ஓடுகிறது என்பதே.

இரண்டு விகிதங்கள்

அதே 1942ஆம் ஆண்டில், ஹார்வர்டைச் சேர்ந்த எவரெட் கின்சி, மார்ட்டன் கிராண்ட் என்னும் இருவரும் வேறொரு கோணத்தில் எண்ணினர். இரத்தத்தில் உள்ள ஒரு பொருள் முன்கண் நீருக்குள் வரும் வேகம், இரத்தத்தில் அதன் செறிவைப் பொறுத்தது. அங்கிருந்து அது வெளியேறும் வேகம், முன்கண் நீரில் அதன் செறிவைப் பொறுத்தது. வருவதற்கு ஒரு விகிதம். போவதற்கு ஒரு விகிதம். இவ்விரண்டையும் வைத்துச் சமன்பாடு அமைத்தால், நேரம் செல்லச் செல்லச் செறிவு எவ்வாறு உயரவேண்டும் என்பதை ஒரு வளைகோடாக வரையலாம். பல பொருள்களை முயல்களின் இரத்தத்தில் செலுத்தி, கண்டறிந்த அளவுகளை அக்கோட்டோடு ஒப்பிட்டனர்.

இவ்வழியின் சிறப்பு எளிதில் விளங்கும். நீர் தேங்கி நிற்பதாகவும், பொருள்கள் பரவி மட்டும் செல்வதாகவும் கொண்டால், பெரிய மூலக்கூறு மெல்லவும் சிறிய மூலக்கூறு விரைந்தும் வெளியேற வேண்டும். நீர் மொத்தமாக ஓடுகிறது என்றால், எல்லாப் பொருளையும் அது ஒருசேர அடித்துச் செல்ல வேண்டும். கருத்துகள் இரண்டும் இவ்வாறு எண்களாக மாறியபின், எது பொய் என்று சோதிக்க வழி பிறந்தது. சுரப்பும் பரவலும் சேர்ந்தே முன்கண் நீரை ஆக்குகின்றன என்ற முடிவை நோக்கி அவ்வாய்வு சென்றது. பின்னர் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் பாராணியுடன் சேர்ந்து, 1949இல், முயலின் கண்ணில் நீர் ஓடும் வேகத்தையே கின்சி கணித்தார். செவியின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாராணியின் மகனே இவர்.

கோல்ட்மானின் சமன்பாடு

முயலிலிருந்து மனிதருக்கு இக்கணக்கைக் கொண்டு வந்தவர்களுள் தலையாயவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஹான்ஸ் கோல்ட்மான். பொஹீமியாவில் 1899இல் பிறந்து, பிராகில் பயின்று, 1935 முதல் பெர்ன் கண் மருத்துவமனையின் தலைவராக விளங்கியவர். ஃபுளோரசினை மனிதரின் சிரையில் செலுத்தி, இரத்தத்திலும் முன்னறையிலும் அதன் செறிவு மாறிவருவதை அவர் பல மணி நேரம் அளந்தார். எர்லிக் கண்ட பச்சைக் கோடு இப்போது எண்ணாயிற்று. நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 மைக்ரோலிட்டர், அஃதாவது ஒரு மில்லி லிட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு, என்ற அளவு கிடைத்தது.

இவ்வளவோடு நிற்காமல், ஊற்றளவையும் அழுத்தத்தையும் அவர் ஒரு சமன்பாட்டில் இணைத்தார். குழாயில் ஓடும் நீரின் அளவு, இரு முனைகளிலும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களிலேயே காட்டியிருந்தார். அதே விதி விழிக்கும் பொருந்தும் என்று கொண்டால், பின்வரும் சமன்பாடு வரும்:

விழி அழுத்தம் = (ஊற்றளவு ÷ வடிதிறன்) + சிரை அழுத்தம்.

வடிதிறன் என்பது, ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்த வேறுபாட்டிற்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மைக்ரோலிட்டர் வடியும் என்பது. சிரை அழுத்தம் என்பது, நீர் போய்ச் சேரும் வெளிச்சிரையின் அழுத்தம். ஓர் எடுத்துக்காட்டால் இதன் வலிமை விளங்கும். ஊற்றளவு 2.1, வடிதிறன் 0.3, சிரை அழுத்தம் 9 என்று கொள்க. 2.1ஐ 0.3 ஆல் வகுக்க 7 வரும். 9ஐக் கூட்ட 16. நலமுள்ள கண்ணில் காணப்படும் அழுத்தம் இதுவே. இனி, நோயுற்ற ஒரு கண்ணில் அழுத்தம் 30 என்று வைத்துக்கொள்க. வடிதிறன் மாறாமல் இருக்க, வரத்து மட்டும் மிகுந்து இந்நிலை வந்திருந்தால், ஊற்றளவு 6.3 ஆகியிருக்க வேண்டும், அஃதாவது மும்மடங்கு. மாறாக, ஊற்றளவு மாறாமல், வடிதிறன் 0.1 ஆகக் குறைந்திருந்தாலும் அழுத்தம் அதே 30 ஆகும். கணக்கு இரண்டு விடைகளை முன்வைத்துவிட்டது. எது மெய் என்பதை அளந்து பார்த்தால் போதும்.

கோல்ட்மான் அளந்தார். நோயுற்ற கண்களில் ஊற்றளவு மும்மடங்காகவும் இல்லை. இரு மடங்காகவும் இல்லை. பெரும்பாலும் இயல்பாகவே இருந்தது. வடிகாலின் தடையே மிகுந்திருந்தது. 1951இல் இம்முடிவை அவர் வெளியிட்டார்.

அதே காலத்தில், ஹார்வர்டின் கிராண்ட் முற்றிலும் வேறான வழியில் அதே இடத்தை வந்தடைந்தார். விழியின் மேல் எடையுள்ள அழுத்தமானியை நான்கு நிமிடம் வைத்தால், உள்ளேயுள்ள நீர் பிதுங்கி வடிந்து, அழுத்தம் மெல்லக் குறைகிறது. குறையும் வேகத்திலிருந்து வடிதிறனைக் கணிக்கலாம். அதற்கு விழிச்சுவரின் விறைப்பைப் பற்றிய கணக்கு வேண்டும். அதனைப் பால்டிமோரைச் சேர்ந்த ஜோனாஸ் ஃபிரீடன்வால்ட் 1937 முதலே வகுத்து வைத்திருந்தார். 1950, 1951ஆம் ஆண்டுகளில் கிராண்ட் வெளியிட்ட அளவுகள், கண் நீரழுத்த நோயில் வடிதிறன் குறைவதைத் தெளிவாகக் காட்டின. மதகு அடைப்புதான் நோய். வரத்து மிகுதி அன்று. டோண்டர்ஸ் காலத்திலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த வழக்கு இவ்வாறு தீர்ந்தது. 1963இல் கிராண்ட், எடுக்கப்பட்ட மனித விழிகளில் சல்லடை வலையை வெட்டிப் பார்த்து, வடிகாலின் தடையில் முக்கால் பங்கு அதனால் நீங்குவதையும் காட்டினார்.

சமன்பாட்டின் குறை

நல்ல சமன்பாடு விடை தருவதோடு நில்லாது. தன் குறையையும் தானே காட்டிக் கொடுக்கும். கோல்ட்மானின் சமன்பாடு, ஊற்றளவு அழுத்தத்தைச் சாராதது என்று கொண்டது. ஆனால் உற்பத்தியில் ஒரு பகுதி வடிகட்டலாக இருந்தால், விழியை அழுத்தும்போது அது குறைய வேண்டும். அவ்வாறு வரத்துக் குறைவதை, அழுத்தமானி வடிகால் மிகுதியாகப் படித்துவிடும். இதனை எண்ணிய பாராணி, 1963இல், சுரப்பு, வடிகட்டல், மொத்த வடிகால், சவ்வூடு மீளுறிஞ்சல் ஆகிய நான்கையும் ஒருங்கே கொண்ட ஒரு கணித அமைப்பை வெளியிட்டார். முன்கண் நீரின் உற்பத்தியையே கூறு கூறாகப் பிரித்துக் கணக்கிட்ட முன்னோடி முயற்சி அது.

இரண்டு ஆண்டு கழித்து, அதே உப்சாலாவில் ஆண்டர்ஸ் பில், குரங்குகளின் கண்ணில் மற்றொரு வடிகாலைக் கண்டறிந்தார். நீரின் ஒரு பகுதி சல்லடை வலையின் வழியே செல்லாமல், சிலியரித் தசையின் இடுக்குகளில் புகுந்து, விழிச்சுவரை நோக்கிச் செல்கிறது. இவ்வழியில் செல்லும் அளவு அழுத்தத்தால் பெரிதும் மாறுவதில்லை. எனவே, ஊற்றளவிலிருந்து இதனைக் கழித்த பின்னரே வடிதிறனால் வகுக்க வேண்டும் என்று சமன்பாடு திருத்தப்பட்டது. மனிதரில் இவ்வழியின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பெரும் வேறுபாடு உண்டு. ஆயினும், கணக்கில் கழிக்கப்பட்ட இச்சிறு பகுதி பின்னாளில் மருத்துவத்தில் பேரிடம் பெற்றது. 1996இல் வழக்கிற்கு வந்த லட்டனோபுரோஸ்ட் என்னும் சொட்டு மருந்து, பெரும்பாலும் இவ்வழியை அகலச் செய்தே அழுத்தத்தைத் தணிக்கிறது.

ஊற்றின் உள்ளே

நீர் எவ்வளவு ஊறுகிறது என்பது தெரிந்தபின், எவ்வாறு ஊறுகிறது என்னும் வினா எழுந்தது. முன்கண் நீரில் வைட்டமின் சி இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மிகுதி. வெறும் வடிகட்டலால் இது நிகழாது. ஆற்றலைச் செலவிட்டே சேர்க்க முடியும். இன்றைய அறிவின்படி, சிலியரி உறுப்பின் ஈரடுக்கு உயிரணுக்கள் சோடியம் முதலிய உப்புகளை ஆற்றல் செலவிட்டு இறைத்துத் தள்ளுகின்றன. நீர் உப்பைப் பின்தொடர்கிறது. ஜாரெட் டயமண்ட், வில்லியம் போசர்ட் என்னும் இருவரும் 1967இல், உயிரணுக்களின் இடையேயுள்ள குறுகிய இடுக்குகளில் உப்பு குவிந்து நீரை இழுக்கும் முறையைச் சமன்பாடுகளால் விளக்கினர். பித்தப்பை போன்ற உறுப்புகளை எண்ணி ஆக்கப்பட்ட அக்கணக்கு, பின்னர் சிலியரி உறுப்புக்கும் பொருத்திப் பார்க்கப்பட்டது.

நோய் மதகில் இருப்பினும், வரத்தைக் குறைத்தால் மட்டம் தாழும் என்பதும் சமன்பாட்டிலிருந்தே தெரியும். 1954இல் பெர்னார்ட் பெக்கர், சிறுநீர் பெருக்கும் மருந்தாகிய அசெட்டசோலமைடு விழி அழுத்தத்தைக் குறைப்பதை வெளியிட்டார். 1978இல் டைமோலால் என்னும் சொட்டு மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரண்டும் ஊற்றளவைக் குறைப்பவை.

ஊற்றளவை அளக்கும் முறையும் இடையில் எளிதாயிற்று. இலண்டனில் ஜோன்ஸ், மாரிஸ் என்னும் இருவரும் 1966இல், ஃபுளோரசினைக் கார்னியாவிலேயே ஏற்றி, அது முன்கண் நீரால் கழுவப்பட்டு மறையும் வேகத்திலிருந்து ஓட்டத்தைக் கணித்தனர். ஏரியில் நீலம் கரைத்து, புதுநீர் வர வர நீலம் வெளுப்பதைப் பார்த்து வரத்தை அறிவது போன்றது இது. இம்முறையை வளர்த்து, அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ரிச்சர்ட் புரூபேக்கர் பல்லாண்டு அளவெடுத்தார். காலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மைக்ரோலிட்டர் ஊறும் நீர், உறக்கத்தில் அதன் பாதிக்கும் கீழே செல்கிறது என்று அவர் கண்டார். 1985இல் அவரும் டாப்பர் என்பவரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு செய்தியையும் தந்தது. பகலில் ஊற்றைக் குறைக்கும் டைமோலால், உறக்கத்தில் ஏற்கெனவே குறைந்துவிட்ட ஊற்றை மேலும் குறைப்பதில்லை, அசெட்டசோலமைடு குறைக்கிறது. எந்த மருந்து எந்த வேளையில் பயன் தரும் என்னும் கேள்விக்கு அளவெடுப்பு தந்த விடை இது.

ஆனால் இங்கேயும் ஒரு புதிர் உண்டு. இரவில் ஊற்றளவு பாதியானால், சமன்பாட்டின்படி அழுத்தம் நன்கு குறைய வேண்டும். அவ்வாறு குறைவதில்லை, படுத்திருப்போரில் உயர்வதும் உண்டு. படுக்கும்போது சிரை அழுத்தம் உயர்வது ஒரு காரணம். அது மட்டும் போதாது. வடிகாலிலும் ஏதோ மாற்றம் நிகழ வேண்டும். பகலின் எண்களை இரவுக்குப் பொருத்தினால் கணக்குத் தவறும் என்று சமன்பாடே எச்சரிக்கிறது.

இன்றைய நிலை

இருபத்தோராம் நூற்றாண்டில் இக்கணக்கு விரிந்திருக்கிறது. 2003இல் ரைட்சாமர், கீல் என்னும் இருவரும், முயலின் சிலியரி உறுப்பிற்கு வரும் இரத்தம் ஓர் எல்லைவரை குறைந்தாலும் ஊற்றளவு மாறாமல் நிற்பதையும், அவ்வெல்லைக்குக் கீழே குறைந்தால் ஊற்றும் தாழ்வதையும் அளந்து காட்டினர். ஸ்டார்லிங் சொன்ன கழித்தலும், பின்னோர் சொன்ன சுரப்பும் இங்கே ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 2016இல் மார்செலா சோபோஸ், ஜியோவன்னா குய்தோபோனி முதலிய கணித அறிஞர்கள் கண் மருத்துவரோடு சேர்ந்து, இரத்த அழுத்தம் முதலிய அளவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தனர். ஒரே மருந்து ஒருவருக்கு மிகுதியாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் பயன் தருவது ஏன் என்பதை அறிய அத்தகைய கணக்கு உதவும். கோல்ட்மான் ஒரு தாளில் எழுதிய வகுத்தல் கணக்கு, இன்று கணினியில் பல சமன்பாடுகளின் தொகுதியாக நிற்கிறது. அடிப்படை மட்டும் மாறவில்லை: வந்ததும் போனதும் ஒத்திருக்க வேண்டும்.

இவ்வரலாற்றில் ஈடுபட்டோர் அனைவரும் கூர்ந்த அறிவினரே. ஹாம்பர்கரும் டியூக்-எல்டரும் சான்றின்றிப் பேசியவர் அல்லர். ஆயினும், சொல்லால் மட்டும் வாதிட்ட காலமெல்லாம் இரு கட்சிகளும் தத்தம் சான்றுகளோடு எதிரெதிரே நின்றன. ஒரு கருத்து மெய்யானால் எந்த எண் வர வேண்டும், பொய்யானால் எந்த எண் வர வேண்டும் என்று எழுதி வைத்த பின்னரே வழக்கு முடிவை நோக்கி நகர்ந்தது. அதன் பயனைப் பெற்றவர்கள் நோயாளிகள். தம் கண்ணில் வரத்து மிகுந்ததா, மதகு அடைத்ததா என்று அறியாமலே பார்வை இழந்த தலைமுறைகளுக்குப் பின், அடைப்பைத் திறக்கும் அறுவையும் ஊற்றைத் தணிக்கும் மருந்தும் அறிந்து கொடுக்கப்பெறும் தலைமுறைகள் வந்தன. ஒரு நிமிடத்தில் ஊறும் நீர் ஒரு துளியில் இருபதில் ஒரு பங்குக்கும் சற்று மேற்பட்ட அளவே. அச்சிறு அளவைச் சரியாகக் கண்டதனால் காக்கப்பட்டது பார்வை என்னும் பெருஞ்செல்வம்.